புது ஊரில் ஒரு நாள் போட்டோ நடை: பாதை, செட்டிங், சொதப்பல்கள்

#1 கூடுமாறி

படிக்க வந்த ஊரில் முதல் செமஸ்டர் முடிந்துவிட்டது. துறைக் கண்காட்சிக்கு "நான் வாழும் ஊர்" என்ற தலைப்பில் 12 படங்கள் கேட்கிறார்கள். பிரிண்ட் அகலம் 30 செ.மீ. கையில் இருப்பது 24 மெகாபிக்சல் ஏபிஎஸ்-சி (நடுத்தர அளவு சென்சார்) கேமரா, அதோடு வந்த 18-55 மி.மீ. கிட் லென்ஸ், ஒரே பேட்டரி, 32 ஜிபி கார்டு, கைப்பேசி. ட்ரைபாட் கிடையாது. ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுதாக ஒதுக்க முடியும்.

இதுவரை எடுத்ததெல்லாம் தபால் அட்டை மாதிரி இருக்கிறது. நடப்பவர்கள் கலங்கலாக வருகிறார்கள், கட்டடங்கள் பின்பக்கம் சாய்கின்றன, மதியப் படங்களில் வானம் வெறும் வெள்ளைத்தாள். இரவுப் படங்கள் சிலவற்றில் குறுக்கே கறுப்புப் பட்டை வேறு. பாதை போடுவதிலிருந்து பிரிண்ட் வரை எங்கெங்கே என்ன மாற்றலாம்?

#2 நிழல்கணக்கு

முதலில் அந்த "ஞாயிறு முழுதாக" என்பதை விட்டுவிடுங்கள். மூன்று மணி நேரத்துக்கு மேல் கால் நடக்கும், கண் நடக்காது. காலையில் இரண்டு மணி நேரம், மாலையில் இரண்டு மணி நேரம், இடையில் ஓய்வு. இரண்டு வேளையும் ஒரே பாதை. மாலையில் எதிர்த்திசையில் நடக்க வேண்டும், அவ்வளவுதான். காலையில் நிழலில் கிடந்த சுவர் மாலையில் வெயிலில் நிற்கும். ஒரே தெரு இரண்டு தெருவாகக் கிடைத்த மாதிரி.

பாதையின் நீளம் 2 முதல் 3 கிலோமீட்டர் போதும். சும்மா நடந்தால் நாற்பது நிமிடத்துக்குள் முடிகிற தூரம். படம் எடுத்துக்கொண்டு போனால் இரண்டு மணி நேரம் தானாக ஆகிவிடும். பத்துக் கிலோமீட்டர் பாதை போட்டால் பாதி நேரம் அடுத்த இடத்துக்கு ஓடுவதிலேயே போய்விடும்.

அடுத்தது வெளிச்சம். பொன்வெயில் ஒரு மணி நேரம் இருக்கும் என்று எழுதிவைத்திருப்பதை எல்லா ஊருக்கும் பொருத்திப் பார்க்காதீர்கள். சூரியன் தொடுவானத்துக்கு மேலே சுமார் 6 பாகைக்குள் இருக்கும் நேரம்தான் அது. வானத்தில் சூரியன் மணிக்கு 15 பாகை நகர்கிறது. நிலநடுக்கோட்டை ஒட்டிய ஊர்களில் ஏறக்குறைய செங்குத்தாக இறங்குவதால் அந்த 6 பாகை 24 நிமிடத்தில் தீர்ந்துவிடும். 50 பாகை அட்சரேகையில் சரிந்து இறங்குவதால் மார்ச், செப்டம்பர் மாதங்களில் 37 நிமிடம் கிடைக்கும். எந்த ஊராக இருந்தாலும் அந்த நேரத்துக்கு ஒரே ஓர் இடத்தைத்தான் குறித்துக்கொள்ள வேண்டும். இரண்டு இடம் குறித்தால் இரண்டும் போய்விடும்.

அந்த இடம் குறுகிய தெருவாக இருக்கக் கூடாது. கணக்குப் போட்டுப் பாருங்கள்: தெரு 12 மீட்டர் அகலம், கட்டடம் 20 மீட்டர் உயரம். பக்கவாட்டிலிருந்து வரும் வெயில் எதிர்ச்சுவரின் அடியைத் தொட வேண்டுமானால் சூரியன் 59 பாகை உயரத்தில் இருக்க வேண்டும். மாலை வெயில் மேல்மாடி ஜன்னலோடு நின்றுவிடும். ஆகவே பொன்வெயிலுக்குப் பாலம், ஆற்றங்கரை, ரயில் நிலைய முன்றில், மைதானம், அல்லது சூரியன் மறையும் திசையை நோக்கி ஓடும் தெரு. கிழக்கு மேற்குத் தெரு எப்போதும் இதற்கு ஒத்துவரும் என்று நினைக்க வேண்டாம். மார்ச், செப்டம்பரில்தான் சூரியன் நேர்மேற்கில் மறையும். ஜூன், டிசம்பரில் அது 50 பாகை அட்சரேகையில் 38 பாகை வரை விலகிப் போயிருக்கும். சூரியன் திசை காட்டும் செயலிகள் கைப்பேசியில் இலவசமாகவே இருக்கின்றன. தேதியைக் கொடுத்தால் வரைபடத்தில் கோடு போட்டுக் காட்டும்.

குறுகிய தெரு வீண் என்று சொல்லவில்லை. உச்சி வெயிலில் ஒரு பக்கச் சுவர் பளீரென்று இருக்கும்போது அதன் எதிரொளி எதிர்ப்பக்கத்து நிழலில் மெத்தென்று விழும். முகம் எடுப்பதற்கு அதைவிட நல்ல வெளிச்சம் காசு கொடுத்தாலும் கிடைக்காது. நடுப்பகலில் அங்கே போங்கள்.

முந்தின வாரம் கேமரா இல்லாமல் ஒரு முறை அந்தப் பாதையில் நடந்துவிடுங்கள். எந்த மூலையில் எத்தனை மணிக்கு வெயில் என்று கைப்பேசியில் குறித்துக்கொண்டால் போதும்.

#3 ஷட்டர் தாத்தா

தம்பி, நடப்பவர்கள் கலங்குவது கைநடுக்கத்தால் அல்ல, ஷட்டர் வேகம் போதாததால். அப்பர்ச்சர் முன்னுரிமையில் (லென்ஸ் துளையின் அளவை நாம் வைக்க, ஷட்டர் வேகத்தைக் கேமராவே தேரும் முறை) போட்டுவிட்டு நிழலுக்குள் போனதும் கேமரா சத்தமில்லாமல் 1/60-க்கு இறங்கிவிடுகிறது.

எவ்வளவு கலங்கும் என்பதையும் கணக்கிட்டுவிடலாம். நடக்கிற ஆள் நொடிக்கு 1.4 மீட்டர் போகிறார். 1/60 நொடியில் 23 மி.மீ. நகர்ந்துவிடுவார். 4 மீட்டர் தள்ளி, 24 மி.மீ. குவியத் தூரத்தில், உங்கள் சென்சாரில் அது சுமார் 35 பிக்சல். 30 செ.மீ. பிரிண்டில் கிட்டத்தட்ட 2 மி.மீ. இழுப்பு, யார் கண்ணுக்கும் தெரியும். 1/250-ல் 9 பிக்சல், 1/500-ல் 4 பிக்சல். குறுக்கே நடப்பவருக்கான கணக்கு இது. நம்மை நோக்கி வருபவர் இவ்வளவு கலங்கமாட்டார். ஆனால் கையும் காலும் உடம்பைவிட வேகமாக வீசும், அதனால் குறைந்தபட்சம் 1/250 என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆட்டோ ஐஎஸ்ஓ (ஒளியுணர்வைக் கேமராவே ஏற்றி இறக்குவது) மெனுவில் "குறைந்தபட்ச ஷட்டர் வேகம்" என்று ஒன்று இருக்கும். அதில் 1/250, ஐஎஸ்ஓ உச்சவரம்பு 3200, அப்பர்ச்சர் எஃப்/8. பகல் முழுக்க இதை மாற்றவே வேண்டாம்.

ஃபோகஸ். தெருவில் கேமரா ஃபோகஸ் தேடிக்கொண்டிருக்கும் அரை நொடியில் ஆள் போய்விடுவார். 18 மி.மீ., எஃப்/8, 2 மீட்டரில் ஃபோகஸைப் பூட்டினால் 1 மீட்டரிலிருந்து கண்ணுக்கெட்டிய தூரம் வரை ஏற்கத்தக்க தெளிவு. 24 மி.மீ. என்றால் 3.6 மீட்டரில் பூட்டுங்கள், 1.8 மீட்டரிலிருந்து தெளியும். கிட் லென்ஸில் தூர அளவுகோல் இருக்காது. ஆகவே ஒரு கட்டில் நீளத்துக்குத் தள்ளி இருக்கும் எதிலாவது ஆட்டோஃபோகஸ் செய்து, உடனே மேனுவலுக்குத் தள்ளிவிடுங்கள்.

இதில் இரண்டு இடத்தில் வழுக்கும். ஒன்று, ஜூம் வளையத்தைத் தொட்டால் பல கிட் லென்ஸ்களில் ஃபோகஸ் நகர்ந்துவிடும். 18-ல் வைத்து ஒரு துண்டு டேப் ஒட்டிவிடுவது உத்தமம். மற்றொன்று, மோட்டாரால் ஃபோகஸ் ஆகும் லென்ஸ்கள் பலவும் கேமரா தூங்கி எழுந்ததும் பூட்டிய இடத்தை மறந்துவிடும். தூங்கும் நேரத்தை மெனுவில் நீட்டுங்கள், அல்லது ஒவ்வொரு தெருமுனையிலும் ஒரு முறை மறுபடி பூட்டுங்கள். இது தெரியாமல் ஒரு நடை முழுக்கக் கோட்டை விடுபவர்கள் ஏராளம்.

#4 கூடுமாறி

நன்றி ஐயா. ஐஎஸ்ஓ 3200-ல் புள்ளி புள்ளியாக வராதா? அந்த வெள்ளை வானத்துக்கு என்ன செய்வது?

#5 ஷட்டர் தாத்தா

புள்ளி வரும். திரையில் 100 சதவீதத்துக்குப் பெரிதாக்கிப் பார்ப்பவருக்கு மட்டும் தெரியும், 30 செ.மீ. தாளில் பாதி மறைந்துவிடும். புள்ளியைப் பார்ப்பவர் மன்னிப்பார், தேவையில்லாத கலங்கலை மன்னிக்கமாட்டார்.

வானம்: ரா கோப்பில் (சென்சார் பதிந்ததை அப்படியே வைத்திருக்கும் வகை) எடுங்கள். எக்ஸ்போஷர் காம்பென்சேஷனை (படத்தின் வெளிச்சத்தை ஏற்றி இறக்கும் அமைப்பு) -0.7 அல்லது -1-ல் வையுங்கள். அளவுக்கு மேல் வெளுத்த இடம் கண்சிமிட்டும் எச்சரிக்கையை ஆன் செய்துகொண்டு, வானம் சிமிட்டுவது நிற்கும்வரை இறக்குங்கள். இருண்ட நிழலை ராவில் இரண்டு ஸ்டாப் (நான்கு மடங்கு வெளிச்சம்) தூக்கலாம். வெந்து வெளுத்த வானத்தில் தூக்க ஒன்றுமே இருக்காது. அதையும் மீறி வெளுத்தால் சட்டகத்திலிருந்து வானத்தை வெளியேற்றிவிடுங்கள். வானம் இல்லாத ஊர்ப்படம் எத்தனையோ நன்றாக இருக்கிறது.

#6 கையடக்கம்

இத்தனை டேப்பும் கணக்கும் எதற்கு? கைப்பேசியின் முதன்மைக் கேமராவே முழுச்சட்டகக் (35 மி.மீ. பிலிம் அளவு) கேமராவின் 24-26 மி.மீ. அகலப் பார்வைக்குச் சமம், தெருவுக்கு வசதியான அளவு. 12 மெகாபிக்சல் என்றால் 4000 × 3000. அங்குலத்துக்கு 300 புள்ளி வைத்தாலும் 34 × 25 செ.மீ. பிரிண்ட் வரும். தேவை 30 செ.மீ. தானே.

ஆனால் சிலவற்றில் கவனம் வேண்டும். முதலில் லென்ஸைத் துடையுங்கள். விரல் எண்ணெய்தான் இரவு விளக்குகளில் கோடு கோடாக இழுக்கிறது. தொட்டு அழுத்திப் பிடித்து ஃபோகஸையும் வெளிச்சத்தையும் பூட்டிவிட்டு, விரலைக் கீழே இழுத்து ஒரு படி இருட்டாக்குங்கள். இல்லாவிட்டால் நிழல் எதுவுமே இல்லாத தட்டையான படம்தான் வரும். இரண்டு விரலால் பெரிதாக்காதீர்கள், பக்கத்தில் போங்கள். அதி அகல லென்ஸில் சட்டகத்தின் ஓரத்தில் முகம் வைத்தால் தலை நீண்டுவிடும். படங்களைக் கணினிக்கு மாற்றும்போது அரட்டைச் செயலி வழியாக அனுப்பாதீர்கள். அது சுருக்கித்தான் அனுப்பும். கேபிள் போடுங்கள், அல்லது "கோப்பு" என்ற வகையில் அனுப்புங்கள்.

#7 இருட்டறை

34 செ.மீ. வரும் என்பது எண்ணிக்கையில் சரி. தாளில் போட்டால் இலைகளும் செங்கலும் நீர்வண்ணம் பூசியது போல இருக்கும், விளிம்புகளில் வெள்ளைக் கோடு ஓடும். கைப்பேசி தானாகவே கூராக்கி, புள்ளிகளையும் துடைத்துவிடுவதால் வருவது அது. கைப்பேசியில் ரா வசதி இருந்தால் அதில் எடுக்கட்டும். 12 படத்தில் எட்டு கேமரா, நான்கு கைப்பேசி என்று கலந்து மாட்டினால் வித்தியாசம் பல்லை இளிக்கும். ஒரே கருவியோடு போங்கள், கைப்பேசி குறிப்பெழுத.

#8 நேர்க்கோடு

சாயும் கட்டடம் பற்றி யாரும் இன்னும் பேசவில்லை. லென்ஸின் குற்றம் இல்லை இது. கேமராவை மேல்நோக்கிச் சாய்த்ததும் சுவரின் இணைகோடுகள் உச்சியில் நெருங்கும். சாய்க்காமல் பிடித்தால் நெருங்காது. திரையில் கட்டக்கோடும் மட்டம் காட்டும் கருவியும் தெரியும்படி மெனுவில் வையுங்கள்.

மட்டமாகப் பிடித்தால் கட்டட உச்சி வெட்டுப்படுமே என்றால், எவ்வளவு பின்வாங்க வேண்டும் என்பதற்குக் கணக்கு இருக்கிறது. 20 மீட்டர் கட்டடம், கண் உயரம் 1.6 மீட்டர், 18 மி.மீ. கேமராவைச் செங்குத்தாகப் பிடித்தால் 28 மீட்டர் பின்வாங்க வேண்டும். கிடைமட்டமாகப் பிடித்தால் 42-க்கும் மேல். செங்குத்தாகவே பிடியுங்கள். கீழ்ப்பாதி முழுக்கச் சாலைதான் வரும். பிறகு வெட்டிக்கொள்ளலாம், அல்லது அந்தச் சாலையில் ஒரு சைக்கிளோ மழைக்குட்டையோ வரும்வரை காத்திருக்கலாம். பின்வாங்க இடமில்லையா? எதிர்க்கட்டடத்தின் இரண்டாம் மாடியில் பொது நூலகமோ படிக்கட்டு ஜன்னலோ இருந்தால் கேட்டுவிட்டு அங்கிருந்து எடுங்கள். கட்டடத்தின் பாதி உயரத்துக்கு ஏறிவிட்டால் சாய்வுப் பிரச்சினையே தீர்ந்தது.

மென்பொருளில் நிமிர்த்துவது கடைசி வழி. அப்படி நிமிர்த்தும்போது மேல்பக்க ஓரங்களிலிருந்து கணிசமான பகுதி வெட்டுப்படும் என்பதால் எடுக்கும்போதே சுற்றிலும் ஐந்தில் ஒரு பங்கு காலியாக விடுங்கள். முழுக்க நிமிர்த்தாதீர்கள். மேலே பார்த்து எடுத்த படத்தை முழுசாக நிமிர்த்தினால் கட்டடம் தலை பெருத்து முன்னே விழுவது போலத் தோன்றும். கொஞ்சம் சாய்வு மிச்சம் இருந்தால்தான் கண் நம்பும்.

#9 தெருமுனை

செட்டிங் எல்லாம் சரி, எதை எடுப்பது என்று ஒருவரும் சொல்லவில்லையே. தபால் அட்டை ஆவதற்குக் காரணம் அங்கேதான் இருக்கிறது.

வேறிடத்திலிருந்து வந்து ஊரைப் படமெடுத்தவர்களைப் பாருங்கள். பிராசாய் திரான்சில்வேனியாவில் பிறந்து 1924-ல் பாரிசுக்கு வந்தவர். இரவுத் தெருக்களை எடுத்தார். பெரனிஸ் அபட் பல ஆண்டுகள் ஐரோப்பாவில் இருந்துவிட்டு 1929-ல் நியூயார்க் திரும்பியபோது ஊரே மாறிக்கொண்டிருந்தது. அந்த மாற்றத்தைத்தான் எடுத்தார். சால் லைட்டர் 1946-ல் பிட்ஸ்பர்கிலிருந்து நியூயார்க் வந்தவர். அவருடைய படங்களில் பெரும்பகுதி வீட்டைச் சுற்றிய சில தெருக்களில் எடுத்தவை, சில மழை படிந்த கண்ணாடிகளுக்குப் பின்னாலிருந்து. மூவருமே ஊரின் அடையாளச் சின்னங்களோடு நின்றுவிடவில்லை.

வந்த புதிதில் விநோதமாகப் பட்டது எதுவோ அதுதான் உங்கள் கருப்பொருள். அந்தக் கண் ஆறு மாதத்தில் மங்கிவிடும், ஒரு வருஷத்தில் போயே போய்விடும். இன்று ராத்திரியே உட்கார்ந்து இருபது விஷயம் எழுதுங்கள்: இந்த ஊரில் வரிசையில் எப்படி நிற்கிறார்கள், கதவு மணி எங்கே இருக்கிறது, சாலை மூடிகளில் என்ன வார்ப்பு, பேருந்தில் யார் யாருக்கு இடம் விடுகிறார்கள், துணியை எங்கே உலர்த்துகிறார்கள், எத்தனை மணிக்குத் தெரு அடங்குகிறது. எழுதியதும் மூன்றைத் தவிர மற்றதை அடித்துவிடுங்கள்.

அந்த மூன்றையும் மூன்று தூரத்தில் எடுங்கள். 20 மீட்டரில் இடம், 4 மீட்டரில் செயல், அரை மீட்டரில் நுணுக்கம். பெரும்பாலான கிட் லென்ஸ்கள் 25-30 செ.மீ. வரை கிட்டத்தில் ஃபோகஸ் ஆகும். அதை யாரும் பயன்படுத்துவதே இல்லை. அரை மீட்டருக்குப் போகும்போது தாத்தா சொன்ன 2 மீட்டர் பூட்டை எடுத்துவிட மறக்காதீர்கள். ஒன்பது படம் இப்படி. மீதி மூன்றுக்கு ஒரே இடத்தைக் காலை, உச்சி, மாலை என்று எடுத்துவிடலாம்.

அந்த மூன்றும் அச்சாக ஒன்றன்மேல் ஒன்று பொருந்த வேண்டும், இல்லாவிட்டால் பார்க்க அரைகுறையாக இருக்கும். ஜூமை 18-லோ 55-லோ மட்டும் வையுங்கள், இடைப்பட்ட எண்ணுக்குத் துல்லியமாகத் திரும்ப முடியாது. தரையில் நீங்கள் எந்தக் கல்மேல் நிற்கிறீர்கள் என்று குறித்துக்கொள்ளுங்கள். கேமரா உயரத்துக்கு மூக்கோ மார்போ ஏதாவது ஒன்றை அளவாக வையுங்கள். பிறகு கிட்டத்தில் ஒன்று, எட்டத்தில் ஒன்று என்று இரண்டு பொருளைச் சோடி சேருங்கள். உதாரணமாக விளக்குக் கம்பத்தின் இடது விளிம்பு தூரத்து ஜன்னலின் வலது விளிம்பைத் தொடுகிறது. அடுத்த முறை அந்தத் தொடுகை கிடைக்கும்வரை இடதும் வலதுமாக நகருங்கள். மேலும் கீழும் ஒரு சோடி, பக்கவாட்டில் ஒரு சோடி இருந்தால் ஓரிரு செ.மீ.க்குள் பழைய இடத்தில் நின்றுவிடலாம். முதல் படத்தைக் கைப்பேசியில் வைத்துக்கொண்டு ஒப்பிடுங்கள்.

#10 ஷட்டர் தாத்தா

தெருமுனை சொல்வதில் ஒன்று மட்டும் ஒப்பவில்லை. பட்டியல் போட்டு எடுத்தால் படம் விடைத்தாள் மாதிரி ஆகிவிடும். பட்டியலை மனசில் போட்டுக்கொண்டு, நல்ல பின்னணி உள்ள ஒரு மூலையில் இருபது நிமிடம் நிற்கட்டும். பின்னணிதான் முதலில், ஆள் தானாக வருவார். பின்னால் இருண்ட சுவர், முன்னால் வெயில் பட்டை இருக்கும் இடமாகப் பார். ஆள் வெயிலுக்குள் காலெடுத்து வைக்கும் கணம், இரண்டு காலும் விரிந்து கத்தரிபோல இருக்கும் கணம், அப்போது அழுத்து. கால்கள் ஒட்டியிருந்தால் ஆள் கம்பம்போலத் தெரிவார். தலைக்குப் பின்னால் கம்பமோ பலகையோ முளைக்கிறதா என்று ஆள் வருவதற்கு முன்பே பார்த்துவிட வேண்டும், வந்த பிறகு பார்க்க நேரம் இருக்காது.

#11 தெருமுனை

இருபது நிமிட நிலை சரிதான், பட்டியல் இல்லாமல் எந்த மூலை என்று எப்படித் தேர்வார்? சரி, இரண்டும் இருக்கட்டும்.

#12 கூடுமாறி

தெரியாதவர்களை எடுக்கலாமா? உள்ளூர் மொழி இன்னும் தட்டுத்தடுமாறித்தான் வருகிறது.

#13 தெருமுனை

சட்டம் நாட்டுக்கு நாடு வேறு. மூன்று கேள்வியைத் தனித்தனியாகப் பிரித்துக்கொண்டு உங்கள் பல்கலைக்கழகத்தின் மாணவர் சட்ட உதவிப் பிரிவிலோ இதழியல் துறையிலோ கேளுங்கள்: பொது இடத்தில் எடுக்கலாமா, கண்காட்சியில் வைக்கலாமா, விற்கலாமா. பல நாடுகளில் முதலாவதற்கு ஆம், மூன்றாவதற்கு எழுத்துமூல ஒப்புதல் தேவைப்படலாம். நடுவில் இருப்பதுதான் சிக்கல். சுவரோவியம், சிலை, நவீன கட்டடம் இவற்றுக்கும் காப்புரிமை இருக்கலாம். சில நாடுகள் பொது இடத்தில் நிலையாக இருப்பதைப் படமெடுத்து வெளியிடத் தாராளமாக விடுகின்றன, சில விடுவதில்லை. ரயில் நிலையம், வணிக வளாகம் பொது இடம்போலத் தெரிந்தாலும் நிர்வாகத்துக்குத் தனி விதி இருக்கும். கையில் கேமராவுக்குச் சும்மா விடுவார்கள், ட்ரைபாட் விரித்ததும் அனுமதிச் சீட்டு கேட்பார்கள். விமான நிலையப் பாதுகாப்புப் பகுதி, ராணுவம், காவல் இவற்றின் பக்கம் கேமராவைத் திருப்பவே வேண்டாம். மாணவர் விசாவில் இருப்பவர் காவலரோடு சட்டம் பேசி ஜெயித்து ஒன்றும் ஆகப்போவதில்லை.

மொழிக்கு இரண்டு வாக்கியம் போதும்: "உங்களை ஒரு படம் எடுக்கட்டுமா?", "எங்கே அனுப்பட்டும்?" உள்ளூர் நண்பர் ஒருவரிடம் உச்சரிப்பைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். இரண்டாவது வாக்கியத்துக்குத்தான் முகம் மலரும். சொன்னால் கண்டிப்பாக அனுப்ப வேண்டும். தலையசைத்து மறுத்தால் கேமராவை இறக்கிவிட்டு நகர்ந்துவிடுங்கள். குழந்தைகளைப் பெற்றோர் சம்மதம் இல்லாமல் வேண்டாம். தூங்குபவர், நோயாளி, தெருவில் வாழ்பவர் இவர்களை எடுப்பதால் ஊர் புரிந்துவிடாது. கேட்க முடியாத நிலையில் இருப்பவரை எடுக்காமல் இருப்பதே மரியாதை.

கேட்டு எடுத்தால் முகம் விறைக்கும் என்பது உண்மை. முதல் இரண்டு படம் விறைப்பாக இருக்கட்டும். நன்றி சொல்லிவிட்டுக் கேமராவை இடுப்பளவு இறக்குங்கள், அவர் தன் வேலைக்குத் திரும்புவார். சம்மதம் ஏற்கெனவே இருக்கிறது, மூன்றாவதை அப்போது எடுங்கள்.

#14 நிழல்கணக்கு

கறுப்புப் பட்டைக்குக் காரணம் மின்சாரம். 50 ஹெர்ட்ஸ் மின்சாரம் உள்ள நாடுகளில் பல விளக்குகள் நொடிக்கு 100 முறை மினுங்கும். 60 ஹெர்ட்ஸ் நாடுகளில் 120 முறை. 1/500-ல் எடுத்தால் ஒரு மினுக்கின் துண்டு மட்டும் பதியும், அதுவும் சென்சாரின் மேல்வரி ஒரு கணம், கீழ்வரி ஒரு கணம். அதனால் பட்டை. 50 ஹெர்ட்ஸ் ஊரில் 1/100 அல்லது 1/50, 60 ஹெர்ட்ஸ் ஊரில் 1/125 அல்லது 1/60 வையுங்கள். ஓசையில்லா எலக்ட்ரானிக் ஷட்டர் இதை மோசமாக்கும், இரவில் மெக்கானிக்கலுக்கு மாறுங்கள். எல்இடி விளம்பரப் பலகைகளின் மினுக்கு வேறு கணக்கு. அவற்றுக்கு 1/30-க்கு இறங்கிப் பாருங்கள், தீராவிட்டால் பலகையைச் சட்டகத்திலிருந்து ஒதுக்குங்கள். 1/100-ல் குறுக்கே நடப்பவர் கலங்குவார் என்று தாத்தா கணக்குச் சொல்லிவிட்டார். ஆகவே இரவில் நிற்பவரையும் நம்மை நோக்கி வருபவரையும் எடுங்கள்.

நல்ல இரவுப்படம் இரவில் கிடைக்காது. சூரியன் தொடுவானத்துக்குக் கீழே 4 முதல் 6 பாகை போயிருக்கும்போது வானத்தின் நீலமும் ஜன்னல் விளக்கும் ஏறக்குறைய சம வெளிச்சத்துக்கு வரும். வெப்பமண்டல ஊர்களில் இது பத்து நிமிடத்துக்கும் குறைவு. அதற்குப் பிறகு வானம் கறுப்பு, விளக்கு வெள்ளை, நடுவில் ஒன்றுமில்லை.

ட்ரைபாட் இல்லாததற்குப் பாலத்துக் கைப்பிடிச் சுவர் இருக்கிறது. லென்ஸுக்கு அடியில் மடித்த துணி, பட்டையைக் கையில் சுற்றிக்கொள்ளுங்கள், 2 நொடி டைமர். கல்மேல் வைத்துவிட்டால் லென்ஸின் ஸ்டெபிலைசரை (கைநடுக்கத்தை ஈடுசெய்யும் வசதி) அணைத்துவிடுங்கள், சில லென்ஸ்களில் அதுவே படத்தை ஆட்டும். ஐஎஸ்ஓ 100, எஃப்/11, 10 நொடி: வண்டி விளக்குகள் கோடாகும், நடப்பவர்கள் கரைந்துவிடுவார்கள். டாகேர் 1838-ல் பாரிசின் சாலை ஒன்றை எடுத்த படத்தில் நடந்ததும் இதுதான். பல நிமிட எக்ஸ்போஷரில் வண்டியும் கூட்டமும் மறைந்து, அசையாமல் நின்று காலணிக்கு மெருகு போட்டுக்கொண்ட ஆளும் போட்டவரும்தான் தெரிகிறார்கள். கூட்டத்தில் நண்பர் ஒருவரை 10 நொடி சிலைபோல நிற்கச் சொல்லுங்கள், அதே வித்தை.

மஞ்சள் சோடியம் விளக்கு இன்னும் இருக்கும் தெருக்களில் வெள்ளைச் சமநிலையோடு மல்லுக்கட்ட வேண்டாம். அந்த வெளிச்சத்தில் மற்ற நிறங்கள் மிகக் குறைவு, திருத்த எதுவும் கிடைக்காது. கறுப்பு வெள்ளையாக்கிவிடுங்கள்.

#15 கையடக்கம்

பை எடையைக் குறையுங்கள். கேமரா, ஊதுகுழாய், மைக்ரோஃபைபர் துணி, ஒரு பெரிய பிளாஸ்டிக் பை, இரண்டு ரப்பர் பேண்டு, தண்ணீர். மழை வந்தால் பையில் லென்ஸ் அளவு ஓட்டை போட்டு லென்ஸ் முனையில் ரப்பர் பேண்டைக் கட்டினால் தூறல் வரை தாங்கும். ஒரே பேட்டரி என்பதால் வைஃபை, புளூடூத் இரண்டையும் அணையுங்கள். எடுத்ததை உடனுக்குடன் திரையில் பார்க்கும் பழக்கம்தான் பேட்டரியைக் குடிக்கிறது. குளிர் ஊரானால் பேட்டரியைக் கழற்றி உள்சட்டைப் பையில் வைத்து நடங்கள். தீர்ந்ததாகக் காட்டும் பேட்டரியும் சூடேறியதும் கொஞ்சம் உயிர் பெறும்.

குளிரிலிருந்து கதகதப்பான அறைக்கோ, ஏசி அறையிலிருந்து புழுக்கத்துக்கோ போகும்போது லென்ஸ் வியர்க்கும். அதே பிளாஸ்டிக் பையில் கேமராவைப் போட்டு, காற்றுப் புகாமல் கட்டி, அரைமணி முதல் ஒரு மணி நேரம் விட்டால் ஈரம் பைக்கு வெளியே படியும். துணியால் துடைத்துக்கொண்டே இருப்பதில் பயனில்லை, உள்கண்ணாடியிலும் படிந்திருக்கும்.

#16 இருட்டறை

நடைக்கு முதல் நாள் எஃப்/22-ல் வெறும் வானத்தை ஒரு படம் எடுத்துப் பாருங்கள். சாம்பல் நிறப் பொட்டுகள் தெரிந்தால் சென்சாரில் தூசி. சென்சாரைச் சுத்தப்படுத்தும் முறையை மெனுவில் தேர்ந்து, கேமராவைக் கவிழ்த்துப் பிடித்து, ஊதுகுழாயால் நான்கைந்து முறை ஊதுங்கள். வாயால் ஊதாதீர்கள், எச்சில் துளி தூசியைவிடக் கொடுமை.

300 படம் எடுத்தால் ரா கோப்பு ஒன்று 25-30 எம்பி வீதம் 7.5 முதல் 9 ஜிபி. கார்டு தாராளம். வீட்டுக்கு வந்ததும் மடிக்கணினியில் ஒன்று, வெளி டிரைவில் ஒன்று, அதன்பிறகே கார்டை அழியுங்கள்.

அன்றிரவே தேர்வு செய்யாதீர்கள். நடந்த களைப்பும் சந்தோஷமும் படத்தின் மேலே ஏறி உட்கார்ந்திருக்கும். ஒரு வாரம் கழித்து 40 படத்தை 10 × 15 செ.மீ. மலிவுப் பிரிண்டாகப் போட்டுத் தரையில் பரப்புங்கள். ஒரே வேலையைச் செய்யும் இரண்டு படம் அடுத்தடுத்துக் கிடந்தால் ஒன்று வெளியே. தனித்துப் பார்த்தால் அழகாக இருந்து, மற்ற பதினொன்றோடு பேசாத படமும் வெளியே. அதை நீக்கத்தான் மனசு வராது.

பிரிண்ட் இருட்டாக வருவதற்குப் பெரும்பாலும் குற்றவாளி பிரிண்ட் கடை அல்ல, உங்கள் திரை. முழு வெளிச்சத்தில் வைத்துத் திருத்தியிருப்பீர்கள். திரை வெளிச்சத்தைப் பாதியளவுக்கு இறக்கி, பக்கத்தில் ஒரு வெள்ளைத் தாளை வைத்து, இரண்டும் ஒத்த வெண்மையாகத் தெரியும்வரை சரிசெய்து அதன்பிறகு திருத்துங்கள். எஸ்ஆர்ஜிபி வண்ணவெளியில் ஏற்றுமதி. பன்னிரண்டையும் ஒரேயடியாகக் கொடுக்காமல், மிக இருட்டான ஒன்றும் மிக வெளிச்சமான ஒன்றும் சோதனைக்கு.

#17 நேர்க்கோடு

ஒன்று விட்டுப்போனது. வேறு நேர மண்டலத்திலிருந்து வந்தவர்கள் பலருடைய கேமராவில் கடிகாரம் இன்னும் பழைய ஊரிலேயே ஓடிக்கொண்டிருக்கும். கைப்பேசி தானாக மாறிவிடும், கேமரா மாறாது. இரண்டு கருவியின் படங்களையும் நேரப்படி அடுக்கினால் காலையும் மாலையும் சீட்டுக்கட்டுபோலக் கலந்துவிடும். அந்தக் காலை, உச்சி, மாலை வரிசைக்கு விளக்கக் குறிப்பு எழுதும்போதும் மணி தப்பும். கிளம்புவதற்கு முன்னால் நேர மண்டலத்தையும் கோடைக்கால நேர அமைப்பையும் பாருங்கள். ஏற்கெனவே எடுத்தவற்றுக்கு, கேமராவில் கைப்பேசிக் கடிகாரத்தை ஒரு படம் எடுத்து, வித்தியாசத்தைக் கண்டுபிடித்து, மென்பொருளில் மொத்தப் படங்களின் நேரத்தையும் ஒரே தடவையில் நகர்த்திவிடலாம்.

இணையத்தில் போடும் பிரதிகளில் மட்டும் இருப்பிடத் தகவலை நீக்கிவிடுங்கள். விடுதி ஜன்னலிலிருந்து எடுத்த ஒரு கைப்பேசிப் படம் போதும், அறை இருக்கும் கட்டடம் வரை காட்டிக்கொடுத்துவிடும்.